திருச்சியிலிருந்து முப்பத்தொன்பது நிமிடம்

"ரயிலே திண்டுக்கல்லைச் சுத்திக்கிட்டுத்தான் திருச்சிக்குப் போகுது. ஒன் ஏரோப்ளேன் மட்டும் குறுக்க போயிருமாக்கும். நூலைப் பிடிச்சு அளந்தாளாம், தூரம் தெரிஞ்சுபோச்சாம்."

இதைச் சொன்னவர் என் தாய்மாமா. சொன்ன இடம் மதுரை செல்லூரில் எங்கள் வீட்டுத் தறிக்குப் பக்கத்தில். அப்பா தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். அம்மா சுவர் ஓரமாக உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். மாமா முக்காலியில் இருந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்க ஒருவர் மட்டும் நின்றால், பேச்சு அவரைப் பற்றியது என்று அர்த்தம்.

பேச்சு உண்மையில் ஆகாய விமானத்தைப் பற்றியது அல்ல. நான் அந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் பெரியப்பா ஒருவர்தான். அவரும் வெள்ளையடிக்கப் போனவர். மதுரையில் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் நிரம்பிவிட்டது, திருச்சியில் இருக்கிறது, தங்குவதற்கு விடுதியும் இருக்கிறது என்று தலைமையாசிரியை ஒரு விண்ணப்பப் பாரத்தை என் கையில் கொடுத்திருந்தார். அதே வாரம் மாமா வாடிப்பட்டியிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்திருந்தார். பையனுக்கு அரிசி மில்லில் பங்கு இருந்தது. பல் வரிசையாக இருக்கும் என்று மாமா இரண்டு தடவை சொன்னார்.

திருச்சியா வாடிப்பட்டியா என்று சொல்ல வேண்டியவரும் மாமாதான். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குக் காது குத்துவது முதல் கல்யாணம் வரை தாய்மாமன் சரி என்று சொல்லாமல் எதுவும் நடக்காது. பெற்றவர் கேட்டுக்கொண்டு நெய்யலாம்.

மாமா கூட்ஸ் வண்டியில் கார்டு. அவரும் பள்ளிக்கூடம் போனவர் அல்லர். ஸ்டேஷனில் போர்ட்டராகச் சேர்ந்து, கொடி பிடித்து, யுத்தத்தின்போது ஆள் பற்றாக்குறையில் கார்டு ஆனவர். இங்கிலீஷில் எண்கள் எழுதத் தெரியும். தன் பெயரை எழுதத் தெரியும். அதற்கு மேல் ஒரு பத்து வார்த்தை தெரியும். அந்தப் பத்தும் ரயில் தாமதமாவதற்கான காரணங்கள். மற்றபடி அவரிடம் ஒரு ரயில்வே கடிகாரம் இருந்தது. எங்கள் தெருவில் யாருக்காவது குழந்தை பிறந்தால் நேரம் கேட்டு இவரிடம் ஆள் வரும். இவர் வண்டியில் போயிருந்தால் அந்தக் குழந்தையின் ஜாதகம் உத்தேசமாகத்தான் அமையும்.

"அக்கா, வாடிப்பட்டின்னா பதினாறு மைலு" என்று மாமா அம்மாவிடம் கணக்கு வைத்தார். "காலையில போனா பொழுது சாய வந்துரலாம். திருச்சி தொண்ணூத்தாறு மைலு. பாசஞ்சர்ல அஞ்சு மணி நேரம். இவளுக்கு ஒரு தலைவலின்னா யாரு போய்ப் பாக்குறது?"

"தொண்ணூத்தாறு ரயிலுக்குத்தான் மாமா" என்றேன். "நேரா அளந்தா திருச்சி எழுபத்தெட்டு மைலு."

அப்போதுதான் மாமா, தொடக்கத்தில் நான் எழுதியிருப்பதைச் சொன்னார்.

அளந்தது உண்மை. பள்ளிக்கூடத்து அட்லாஸில் மதுரைக்கும் திருச்சிக்கும் நடுவே ஒரு நூலைப் பிடித்து, அந்த நூலை அப்படியே பக்கத்தின் அடியில் இருந்த மைல் கோட்டில் வைத்துப் பார்த்தேன். விமானம் இறங்குகிற ஏரோட்ரோம் அட்லாஸில் இல்லை என்பதால் மதுரைக்குத் தெற்கே ஆறு மைல் என்று சேர்த்துக்கொண்டேன். ரயில் பாதை மேற்கே திண்டுக்கல்லுக்குப் போய்விட்டுத் திரும்பி வருவதும், நூல் அப்படிப் போகாமல் மேலூர்ப் பக்கமாக நேரே போவதும் எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. நெசவாளர் வீட்டில் நூலுக்குப் பஞ்சம் இல்லை. அந்தக் கோடைக்காலத்தில் நான் அளக்காத ஊர் அட்லாஸில் குறைவு.

தூரத்தைக் கணக்குப் போடுவது எனக்குப் பழைய வியாதி. ஐந்தாவது படிக்கும்போது, அப்பா தறிக்கு வேண்டிய பாவு நூலைத் தெருவில் விரித்து அதன் நீளத்துக்கு நடந்து நடந்து வருகிற தூரத்தைக் கூட்டி, இத்தனை வருஷத்தில் அவர் காசிக்குப் போய்த் திரும்பியிருப்பார் என்று சொன்னேன்.

"அம்புட்டுத் தூரம் நடந்தும் செல்லூருலதான இருக்கேன்" என்றார் அப்பா.

விமானம் பேச்சுக்குள் வந்ததற்குக் காரணமும், இரண்டு நாள் முன்பே அந்தச் சேதியைக் கொண்டுவந்த மாமாதான். யுத்தகாலத்தில் ஊருக்குத் தெற்கே ஒரு ஏரோட்ரோம் போட்டிருந்தார்கள். யுத்தம் முடிந்தபின் அங்கே ஆடுகள் மேய்ந்தன. இப்போது ஒரு மில் முதலாளி, திருச்சி ஏரோட்ரோமிலிருந்து தனக்கென்று வாடகைக்குப் பிடித்த சின்ன விமானத்தில் வியாழக்கிழமை மதுரைக்கு வருகிறார் என்று ஸ்டேஷனில் பேசிக்கொண்டார்களாம். முதலாளியின் கணக்குப்பிள்ளை முன்கூட்டியே ரயிலில் வந்து இறங்கி, கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும், அது மணிக்கு நூற்றிருபது மைல் போகும் என்று சொல்லியிருக்கிறார். காலை ஒன்பது மணிக்குத் திருச்சியில் புறப்பாடு.

"நூத்திருபதுன்னா நிமிசத்துக்கு ரெண்டு மைலு" என்றேன். "எழுபத்தெட்டுல பாதி முப்பத்தொம்போது. முப்பத்தொம்போது நிமிசத்துல இங்க எறங்கிரும்."

"எறங்கும். நீ வாசல்ல நின்னு கொடி காட்டு, நம்ம தெருவுல வந்து எறங்கும்." மாமா வெற்றிலையை மடித்தார். "மேல ஏறணும், காத்து அடிக்கும், பாதை பாக்கணும். திண்டுக்கல்ல வந்து திரும்பித்தான் வரும். ஒண்ணே கால் மணிக்குக் கொறையாது. இருபது வருசமா ரயில்வேயில இருக்கிறவன் சொல்றேன்."

"வண்டி பாதையில போகுது மாமா. ஆகாசத்துல பாதை இல்ல."

"பாதை இல்லாம எப்பிடித்தா போகும்? வழி தெரியாதவன் கையில எந்தக் கம்பெனி வண்டியைக் குடுப்பான்?"

அப்பா தறியை நிறுத்தாமல் சொன்னார்: "வியாழக்கிழமை பாத்தா தெரிஞ்சுட்டுப் போகுது மாப்ள."

அவர் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார் என்றே அன்றைக்கு நினைத்தேன். ஆனால் மாமா அதைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தொன்பது நிமிஷத்தில் விமானம் வந்துவிட்டால் திருச்சி. பாரத்தில் காப்பாளர் என்ற இடத்தில் அவரே கையெழுத்துப் போடுவார். வராவிட்டால் வெள்ளிக்கிழமை வாடிப்பட்டிக்காரர்கள் வருவார்கள். நான் முகம் கழுவிச் சேலை மாற்றிக்கொண்டு வந்து நிற்க வேண்டும்.

"அஞ்சு நிமிசம் முன்னப்பின்ன வச்சுக்க தாயி" என்றார் மாமா. அவர் கெட்டவர் அல்லர்.

"வேணாம் மாமா. முப்பத்தொம்போதுன்னா முப்பத்தொம்போதுதான்."

வாங்கிக்கொண்டிருக்கலாம். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய ஒரு பெண்ணுக்கு ஐந்து நிமிஷத்தைத் தானமாக வாங்க மனம் வரவில்லை. இந்தப் பேச்சு நடந்தது சனிக்கிழமை. வியாழக்கிழமை வரை எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அம்மா மறுப்பாள். அவள் சொல்வதுதான் சரி, வழக்கம்போல்தான் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை காலை மாமா ரயில்வே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். வழியில் ஸ்டேஷன் கடிகாரத்தோடு தன் கடிகாரத்தைச் சரிபார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். ஒரு மாட்டு வண்டி பேசியிருந்தார். அப்பா வரவில்லை, தறியை விட்டுவிட்டு ஆகாசத்தைப் பார்க்க வரமுடியாது, வந்தால் சத்தம் கேட்கும் என்றார். அம்மாவும் வரவில்லை. மாமாவும் நானும் போனோம். ஏரோட்ரோம் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆனது. மாட்டு வண்டியில் அந்த நேரத்தை வைத்து, ஒரு மைலுக்கு எத்தனை நிமிஷம் என்று மனத்துக்குள் போட்டுப் பார்த்து, மாமாவிடம் சொல்லாமல் விட்டேன்.

அங்கே திருவிழாக் கூட்டம். சர்பத்து வண்டி, வேர்க்கடலைக் கூடை, பலூன்காரர். கயிறு கட்டி ஒரு போலீஸ்காரர் நின்றார். மாமாவின் கோட்டைப் பார்த்து, வந்திறங்கும் வண்டிக்கும் அந்தக் கோட்டுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, கயிற்றைத் தூக்கி உள்ளே விட்டார். மாமா அவரைத் திருத்தவில்லை.

மாமா வடமேற்கே, திண்டுக்கல் பக்கம் பார்த்து நின்றார். நான் வடகிழக்கே, மேலூர் வழியில் இருக்கிற ஆனைமலைப் பக்கம் பார்த்து நின்றேன். ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற எங்களைக் கடலை விற்ற அம்மாள் பார்த்துவிட்டு, "என்னண்ணே, மகளோட சண்டையா?" என்று கேட்டார்.

"மருமகளுங்க" என்றார் மாமா. தங்கை, அக்காள் மகளை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வது. "சண்டையில்ல. கணக்கு."

ஒன்பது முப்பத்தொன்பதுக்கு மாமா கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஆயிருச்சு தாயி."

"அங்க ஒம்போதுக்குக் கெளம்புச்சான்னு தெரியணும்ல மாமா."

"அதையும் கேட்டுருவோம்" என்றார். அந்த விஷயத்தில் அவர் நியாயஸ்தர். குறித்த நேரத்தில் புறப்பட்ட வண்டியை அவரும் அதிகம் பார்த்ததில்லை.

ஒன்பதே முக்கால் ஆனது. வாடிப்பட்டி அரிசி மில் எப்படி இருக்கும் என்று முதல் தடவையாக நினைத்துப் பார்த்தேன். பெரிதாக, சத்தமாக இருக்கும் என்று தோன்றியது. அப்போது கூட்டத்தில் யாரோ கையை நீட்டினார்கள். ஆனைமலைக்கு மேலே, எனக்கு நேர் எதிரே, ஒரு புள்ளி.

"மாமா, திரும்பி நில்லுங்க" என்றேன்.

அவர் திரும்பினார். புள்ளியைப் பார்த்தார். திண்டுக்கல் இல்லாமலே ஒருவன் திருச்சியிலிருந்து வந்துவிட்டான் என்பது அவருக்கு ஜீரணமாக நேரம் எடுத்தது. பிறகு கோட்டுப் பையிலிருந்து சின்னக் குறிப்புப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்தார். விமானம் மீனாட்சி கோயில் கோபுரங்களை நெருங்கியபோது மணி பார்த்து எழுதினார்: 9.50.

இன்னும் ஆறு மைல். மூன்று நிமிஷம். ஆனால் அது எங்களை நோக்கி வரவில்லை.

கோபுரங்களுக்கு வெளியே அகலமாக வளைந்து கிழக்கே தெப்பக்குளத்துப் பக்கம் போயிற்று. தெற்கே திரும்பியது. வந்துவிட்டது என்று கூட்டம் சத்தம் போட்டது. மேற்கே போயிற்று. வடக்கே செல்லூர்ப் பக்கம் போயிற்று. மறுபடி கிழக்கே வந்தது. பொட்டல் வெளி ஆகையால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தெரியாமல் இருந்திருந்தால் எனக்கு நல்லது.

"எறங்க எடம் தெரியல போல" என்றார் போலீஸ்காரர்.

"எடமெல்லாம் தெரியும்" என்றார் மாமா. ஆகாசத்தைப் பார்த்தபடியே, தொழில் தெரிந்தவர் தொனியில் சொன்னார்: "லைன் கிளியர் கெடைக்கல. அவுட்டர்ல நிக்கிறான்."

ரயில்காரர்கள் பேச்சில் அவுட்டர் என்பது ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கிற முதல் சிக்னல். உள்ளே வர உத்தரவு இல்லாத வண்டி அங்கே நிற்கும். ஆகாசத்தில் நிற்க முடியாது என்பதால் சுற்றுகிறான் என்பது மாமாவின் விளக்கம்.

மூன்று சுற்று. மூன்றாவது முடிந்து விமானம் தெற்கே மூக்கைத் திருப்பியபோது மாமா 10.04 என்று எழுதினார். யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. வண்டி நின்றால் ஒரு நேரம், நகர்ந்தால் ஒரு நேரம் எழுதி எழுதி, அந்தக் கை தானாக எழுதும். 10.07க்குச் சக்கரம் தரையைத் தொட்டது. ஆடுகள் ஓடின.

முதலாளி இறங்கியதும் அவரை மாலைகள் மூடிவிட்டன. விமானம் ஓட்டி வந்தவர் தனியாக நின்று சிகரெட் பற்றவைத்தார். மாமா என்னைத் தள்ளிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார்.

"கேளு" என்றார்.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஒருவரிடம் நான் இங்கிலீஷ் பேசியது அதுதான் முதல் தடவை. திருச்சியில் எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள் என்று கேட்டேன். அவருக்குப் புரிந்தது. இங்கிலீஷ் வகுப்பறைக்கு வெளியேயும் வேலை செய்யும் என்று அதுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியாது. தரையை விட்டது ஒன்பது பன்னிரண்டு என்றார்.

"அவரு கடிகாரத்தைக் காட்டச் சொல்லு" என்றார் மாமா.

காட்டினார். மாமா தன்னுடையதைப் பக்கத்தில் வைத்தார். இரண்டு கார்டுகள் வண்டி மாற்றும்போது அப்படித்தான் செய்வார்களாம். விமானக்காரருடைய கடிகாரம் ஒரு நிமிஷம் பின்னால் இருந்தது.

"ரயில்வே டயம்தான் டயம்" என்றார் மாமா. "அப்ப ஒம்போது பதிமூணு. பத்து ஏழுக்கு வந்திருக்கான். அம்பத்துநாலு நிமிசம்."

கோயிலை ஏன் சுற்றினீர்கள் என்று நான் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கி முதலாளியைக் காட்டினார். பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளை தமிழில் சொன்னார்: "கேஸு ஜெயிச்சா ஆகாசத்துலயே கோயிலை மூணு சுத்து வலம் வாரேன்னு மொதலாளி வேண்டிக்கிட்டாரு. மேல பறந்தா அபச்சாரம்னு, வலப்பக்கமா வச்சுத் தள்ளிச் சுத்தினாப்ல."

எழுபத்தெட்டு மைல், நூற்றிருபது வேகம், எதிர்க்காற்று, ஏரோட்ரோம் இருக்கிற திசை என்று எல்லாவற்றையும் யோசித்திருந்தேன். மதுரைக்கு வருகிற ஒருவர் கோயிலைச் சுற்றாமல் வரமாட்டார் என்பதை யோசிக்கவில்லை. மதுரையில் பிறந்து வளர்ந்து அதை விட்டதற்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

"சுத்துனது பிரயாணத்துல சேராது மாமா" என்று சொல்லிப் பார்த்தேன்.

"கால் தரையில பட்டாத்தான் வந்துசேந்த கணக்கு. நீதான எறங்கிரும்னு சொன்ன."

சொல்லியிருந்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் மாமா கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். நான் வாங்கித் தின்றுகொண்டே வந்தேன். வாடிப்பட்டிப் பையனுக்குப் பல் வரிசையைப் போலவே குணமும் நல்லது என்றார் ஒரு தடவை. நான் மாட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா எதிரே வந்தாள்.

"ஏண்டி, மூணு தடவை நம்ம வீட்டு மேல வந்துச்சு. நம்ம வீட்டைத்தான் தேடுதுன்னு உள்ள வந்து கதவைச் சாத்திட்டேன். யாரு வந்தது?"

"மொதலாளிம்மா. கோயிலைச் சுத்துனாரு."

"சுத்தாம?" என்றாள் அம்மா. "ஊருக்குள்ள வாரவுக சுத்தாம வருவாகளா?"

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

மாமா முக்காலியில் உட்கார்ந்து குறிப்புப் புத்தகத்தைத் தொடையில் விரித்தார். அப்பாவிடம் முடிவைச் சொல்வதற்கு முன் எல்லாவற்றையும் முறையாக எழுத வேண்டும் அவருக்கு. கார்டுகள் எழுதுகிற கணக்கில் கட்டங்கள் உண்டு. புறப்பட்டது, வந்தது, ஓடிய நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். வழியில் நிறுத்தி வைத்த நேரத்துக்குத் தனிக் கட்டம். அதற்குப் பக்கத்தில் காரணம். அவருக்குத் தெரிந்த பத்து இங்கிலீஷ் வார்த்தைகளும் அந்தக் காரணக் கட்டத்துக்கு உள்ளவை: சிக்னல், எஞ்சின், மாடு, இப்படி. கோடுகளை விரலாலேயே போட்டுக்கொண்டு எழுதினார். புறப்பட்டது 9.13. வந்தது 10.07. மொத்தம் 54. பென்சில் அடுத்த கட்டத்துக்குப் போனது. அங்கே நின்றது.

"என்ன மாப்ள?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்ல மச்சான்."

அவர் பழைய பக்கத்தைப் பார்த்தார். 9.50. 10.04. அவர் கையாலேயே எழுதியது. என்னைப் பார்த்தார். நான் கூடத்துத் தூணைப் பார்த்தேன். அவருக்கு என்ன ஆயிற்று என்று எனக்குப் புரிந்துவிட்டது; அவராகச் சொல்லட்டும் என்று இருந்தேன். கார்டு ஆன நாளிலிருந்து, அவுட்டரில் நின்ற நேரத்தை டிரைவர் தலையில் கட்டக்கூடாது என்று அதிகாரிகளோடு சண்டை போட்டவர் அவர். ஒரு தடவை தண்டவாளத்தில் படுத்திருந்த எருமைக்காக இருபது நிமிஷம் தனியாக எழுதி, அதற்காக மேலே எழுதிப் போட்டு ஜெயித்தவர். எருமைக்குக் கொடுத்ததை மீனாட்சிக்குக் கொடுக்க மாட்டேன் என்று அவரால் சொல்ல முடியாது.

"நிறுத்தி வச்சது பதினாலு நிமிசம்" என்றார் கடைசியில். "கோயில்னு எழுதணும். அதுக்கு இங்கிலீஷ்ல என்னா எழுத்துத்தா?"

பென்சிலை வாங்கி நானே எழுதினேன். முந்தின வண்டிக்கு அவர் எழுதியிருந்த மாடு என்பதற்குக் கீழே வரவேண்டிய வார்த்தை அல்ல. அந்தக் கட்டத்தில் வேறு இடம் இல்லை.

"அம்பத்துநாலுல பதினாலு போனா நாப்பது" என்றார் மாமா. முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "நீ சொன்னது முப்பத்தொம்போது. ஒரு நிமிசம் லேட்டு. அன்னைக்கே அஞ்சு நிமிசம் குடுத்தேன், வேணாம்னுட்ட."

நான் தலையாட்டினேன். அது என் வாயால் போனது.

அப்பா தறியை நிறுத்தினார். பகலில் அவர் தறியை நிறுத்துவது அபூர்வம்.

"எந்த நூல்ல அளந்த?"

"பாவு நூல்லப்பா."

"ரெண்டு கையிலயும் இழுத்துப் பிடிச்சிருப்ப."

பிடித்திருந்தேன். நெசவாளர் வீட்டில் நூலைத் தொய்வாகப் பிடிக்க யாருக்கும் கை வராது. படத்தில் இழுத்துப் பிடித்துவிட்டு, மைல் கோட்டில் தளர விட்டு வைத்திருக்கிறேன்.

"இழுத்த நூலு விட்டாச் சுருங்கும்ல. ஒரு மைலு ரெண்டு மைலு அதுல போயிருக்கும்" என்றார். பிறகு மாமாவைப் பார்த்து, "நூலு பண்ணுனதுக்கு அவ என்ன செய்வா மாப்ள? காரணம்னு ஒரு கட்டம் வச்சிருக்கேல்ல, அதுல எழுதிக்க" என்று சொல்லிவிட்டு மறுபடி நெய்ய ஆரம்பித்தார்.

மாமா காரணக் கட்டத்தில் விரலை வைத்தார். நூல் என்று எழுதவில்லை. ஒரு நிமிஷத் தாமதத்துக்குக் காரணம் எழுதச் சொல்லி எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் கேட்டதில்லை என்றார், யாரிடமும் சொல்லாததுபோல. பிறகு புத்தகத்தை மூடினார்.

"வாடிப்பட்டிக்காரவுகளுக்கு நான் சொல்லிக்கிறேன். பிள்ளை படிக்கப் போகுதுன்னு சொல்லிருவேன். அவுக ஏதாச்சும் பேசுவாக. பேசட்டும்." அம்மாவைப் பார்த்தார். "மாசம் ஒரு தடவை அந்தப் பக்கம் வண்டி போறப்ப நான் பாத்துட்டு வாரேன்க்கா. தலைவலின்னா தந்தி குடுக்கச் சொல்லு."

அம்மா நூல் சுற்றுவதை விட்டுவிட்டு உள்ளே போய், அவருக்குச் சாப்பாடு எடுத்துவைத்தாள். எங்கள் வீட்டில் சந்தோஷமும் துக்கமும் அப்படித்தான் தெரிவிக்கப்படும்.

மாமா கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நல்ல பேனா, கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் வைத்திருந்தது. மூடியைத் திருகிக் கழற்றினார்.

"கொண்டாத்தா அந்தப் பாரத்தை."

நான் நகரவில்லை.

"என்னத்தா? எங்க வச்ச?"

"பாரம் இல்ல மாமா. திங்கக்கெழமையே தபால்ல போட்டுட்டேன்."

அவர் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

"யாரு கையெழுத்துப் போட்டது?"

அப்பாவின் தறி ஒரு தடவை தடுமாறி மறுபடி ஓடியது. திங்கட்கிழமை காலை அவர் சாயம் தோய்த்துவிட்டு வந்து கை கழுவப் போனபோது, பாரத்தை நீட்டி, இந்த இடத்தில் என்று காட்டினேன். என்ன காகிதம் என்று அவர் கேட்கவில்லை. மசிக்குக் காத்திருக்கவும் இல்லை. பெருவிரலில் இருந்த சிவப்புச் சாயத்தோடு அப்படியே வைத்து அழுத்தினார். கைநாட்டு என்பதற்கு எதிரே என் எழுத்தில் அவர் பெயர். திருச்சியில் அந்த வருஷம் போய்ச் சேர்ந்த விண்ணப்பங்களில் சிவப்பு ரேகை அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

"அப்ப இந்த வெயில்ல எதுக்குடி என்னை ஏரோட்ரோம் வரைக்கும் இழுத்துட்டுப் போன?" என்றார் மாமா.

"கணக்கு சரியான்னு பாக்கணும்ல மாமா" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். அம்மா இலை போட்டுவிட்டாள் என்று கூப்பிட்டாள். விண்ணப்பம் அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும். திங்கட்கிழமை சாயந்திரத் தபால் வண்டியில் போயிற்று. திண்டுக்கல் வழியாகத்தான்.